கண்ணில் படாத மிஸ்கீன்கள்



இன்று ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். பதிலை நீங்கள் என்னிடம் சொல்ல வேண்டாம், உங்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். கடந்த ஒரு மாதத்தில் உங்கள் துஆவில் எந்தெந்த ஊர்களின் பெயர் வந்தது? காஸா வந்திருக்கும். அல்ஹம்து லில்லாஹ், வர வேண்டும். சூடான் வந்ததா? காக்ஸ் பஜார் முகாம்களில் இருக்கும் ரோஹிங்கியா மக்கள் வந்தார்களா? யமன் வந்ததா?

காஸாவுக்காக நாம் அழுதது சரி, கொடுத்தது சரி. அதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கச் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. ஒரு பிள்ளையின் பசியைக் காட்டி இன்னொரு பிள்ளையின் பசியைச் சிறிதாக்குவது முஃமினுக்கு அழகல்ல. நம் இரக்கத்திற்கு யார் வழி காட்டுகிறார்கள் என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். மார்க்கம் வழி காட்டுகிறதா, அல்லது கையில் இருக்கும் போன் வழி காட்டுகிறதா?

மிஸ்கீன் யார்?

புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ள ஒரு ஹதீஸின் கருத்தைக் கவனியுங்கள். வீடு வீடாகச் சுற்றி, ஓரிரு கவளமோ ஓரிரு பேரீச்சம்பழமோ பெற்றுக்கொண்டு திரும்புகிறவர் மிஸ்கீன் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அப்படியானால் மிஸ்கீன் யார்? தேவைக்குப் போதுமானது அவரிடம் இருக்காது. அவர் வறியவர் என்பது பிறருக்குத் தெரியாது, அதனால் தர்மமும் அவரைத் தேடி வராது. அவரும் எழுந்து நின்று யாரிடமும் கேட்க மாட்டார். அவர்தான் மிஸ்கீன் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

இதில் நடுவில் உள்ள அடையாளத்தைக் கவனியுங்கள். பிறர் கவனத்தில் படாமல் இருப்பதையே நபியவர்கள் அவருடைய அடையாளமாக ஆக்கினார்கள். அவருடைய வறுமையில் பாதி காசு இல்லாததால் வந்தது. மறுபாதி நம் கண் அவர் மீது படாததால் வந்தது.

திருமறையும் இதையே சொல்கிறது. அத்தாரியாத் சூராவின் 19ஆம் வசனத்திலும், அல்மஆரிஜ் சூராவின் 24, 25ஆம் வசனங்களிலும் நல்லடியார்களின் செல்வத்தில் இரண்டு பேருக்கு உரிமை இருப்பதாக அல்லாஹ் கூறுகிறான். ஒருவர் ஸாயில், கேட்டு வருபவர். மற்றவர் மஹ்ரூம், இழந்து நிற்பவர். மஹ்ரூம் என்பதற்கு முஃபஸ்ஸிர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளார்கள். யாரிடமும் எதையும் கேட்காதவர் என்பது கதாதா (ரஹ்), ஸுஹ்ரீ (ரஹ்) போன்ற முன்னோர் தந்த விளக்கம்.

இருவருக்கும் இருப்பது ஹக்கு, அதாவது உரிமை. நம் மனம் இளகினால் கொடுக்கலாம் என்ற சலுகையாக அல்லாஹ் இதை வைக்கவில்லை. கடன் கொடுத்தவர் கண்ணில் படவில்லை என்பதால் கடன் தீர்ந்துவிடுமா? மஹ்ரூமின் ஹக்கும் அப்படித்தான்.

ஸம்ஸம் என்றொரு முகாம்

ஸம்ஸம் என்ற பெயரைக் கேட்டதும் நம் நெஞ்சு குளிர்கிறது. ஹஜ்ஜிலிருந்து வருபவர்களிடம் நாம் முதலில் கேட்பதே அதைத்தான். அதே பெயரில் சூடானின் டார்ஃபூர் பகுதியில், அல்ஃபாஷிர் நகருக்குப் பக்கத்தில் ஓர் அகதி முகாம் இருந்தது. பல லட்சம் பேர் அங்கே தங்கியிருந்தார்கள். 2024 ஆகஸ்ட் மாதம் அந்த முகாமில் பஞ்சம் நிலவுவதாக உணவு நிலையை ஆராயும் சர்வதேச வல்லுநர் குழு உறுதிப்படுத்தியது. பஞ்சம் என்பது அவர்கள் எளிதில் பயன்படுத்தும் வார்த்தையல்ல. அதற்கென்று கடுமையான அளவுகோல்கள் உண்டு. அதைச் சொல்லும் நேரத்தில் பிள்ளைகள் ஏற்கனவே இறந்துகொண்டிருப்பார்கள்.

அந்தப் போர் 2023 ஏப்ரல் 15 அன்று தொடங்கியது. ரமலானின் கடைசிப் பத்து நாள்கள். ஒருபக்கம் சூடான் ராணுவம், மறுபக்கம் அதிவிரைவு ஆதரவுப் படை எனப்படும் துணை ராணுவம். தலைநகர் கார்ட்டூமில் மக்கள் நோன்போடு ஓடினார்கள். 1 கோடிக்கும் அதிகமானோர் வீடு இழந்தார்கள். உலகிலேயே மிக அதிகமானோர் இடம்பெயர்ந்த நெருக்கடி இதுவே என்று ஐ.நா. சொன்னது.

2024 மே மாதம் முதல் அல்ஃபாஷிர் நகரம் முற்றுகையிடப்பட்டது. 500 நாள்களுக்கும் மேல் அந்த முற்றுகை நீடித்தது. உள்ளே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் தெரியுமா? அம்பாஸ். வேர்க்கடலையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கை. நம் ஊரில் மாட்டுக்குப் போடுகிறோமே, அந்தக் கடலைப் புண்ணாக்கு. திருமறையை மனனம் செய்த ஹாஃபிழ்கள் நிறைந்த ஒரு மண்ணில், மனிதர்கள் கால்நடைத் தீவனத்தைத் தின்று நோன்பு திறந்தார்கள்.

2025 ஏப்ரலில் ஸம்ஸம் முகாம் தாக்கப்பட்டது. மிஞ்சியவர்கள் தவீலா என்ற ஊரை நோக்கி நடந்தார்கள். அக்டோபர் 26 அன்று அல்ஃபாஷிரும் வீழ்ந்தது. வெளியிலிருந்து செய்தியாளர்கள் உள்ளே போக வழியில்லை. அங்கே நடந்த படுகொலைகளின் தடயங்களை விண்ணிலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படங்களில் தேடினார்கள். பூமியில் ஒரு கேமராவும் அந்த மக்களின் பக்கத்தில் இல்லை என்பதே இதன் பொருள்.

ஏன் நம் கண்ணில் படவில்லை?

இதற்குச் சில காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, படம். 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒரு சின்னஞ்சிறு சிரியச் சிறுவனின் உடல் ஒதுங்கியது. அந்தப் படத்தைப் பார்த்து உலகமே அழுதது. சுவீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு, சிரிய அகதிகளுக்கென்று வந்த நன்கொடை பல மடங்கு பெருகியது. சில வாரங்களில் அது மீண்டும் இறங்கிவிட்டது. அந்தப் படம் வருவதற்கு முன்பே சிரியாவில் போர் நான்கு ஆண்டுகளைக் கடந்திருந்தது. பல்லாயிரம் பிள்ளைகள் இறந்திருந்தார்கள். படம் வந்தபோது இரக்கம் வந்தது, படம் மறைந்தபோது இரக்கமும் போய்விட்டது.

இரண்டாவது, நாள் கடந்துபோவது. 2017 ஆகஸ்ட் மாதம் மியான்மரிலிருந்து ரோஹிங்கியா மக்கள் விரட்டப்பட்டபோது நம் பள்ளிவாசல்களில் குனூத் ஓதினோம், வசூல் செய்தோம். சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்திற்கு ஓடிவந்தார்கள். அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். 2023இல் நன்கொடை போதவில்லை என்று உலக உணவுத் திட்டம் அவர்களுடைய ரேஷனைக் குறைத்தது. ஒருவருக்கு மாதம் 12 டாலர் என்றிருந்தது மார்ச்சில் 10 ஆனது, ஜூனில் 8 ஆனது. பின்னர்தான் சற்றுக் கூட்டப்பட்டது. அந்த மக்களின் பசி குறைந்ததாலா ரேஷன் குறைந்தது? நம் ஞாபகம் குறைந்ததால் குறைந்தது.

மூன்றாவது, எதிரி யார் என்ற குழப்பம். இதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவோம். அநியாயக்காரன் வேற்று சமூகத்தவனாக இருந்தால் நமக்குக் கோபம் உடனே வருகிறது. சூடானில் கொல்பவனும் கலிமா சொல்கிறான், கொல்லப்படுபவனும் கலிமா சொல்கிறான். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். முஃமின்களில் இரு கூட்டத்தார் சண்டையிட்டால் ஒதுங்கிப் போகும்படியா அல்லாஹ் சொன்னான்? அல்ஹுஜுராத் சூராவின் 9ஆம் வசனத்தில் அவர்களிடையே சமாதானம் செய்துவைக்கக் கட்டளையிடுகிறான். நம் கைக்கு அந்தச் சமாதானம் எட்டாமல் இருக்கலாம். ஆனால் புண்ணாக்குத் தின்னும் பிள்ளை எந்தப் படையிலும் சேராதது. அதற்குக் கொடுக்க யார் பக்கமும் நிற்க வேண்டியதில்லை.

நான்காவது காரணத்தைச் சொல்ல நாக்கு தயங்குகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். நிறம். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது உலகம் அள்ளிக் கொடுத்தது. அந்த மக்களுக்கும் அது தேவைதான். அப்போது உலகச் சுகாதார அமைப்பின் தலைவர், கறுப்பின மக்களின் உயிருக்கும் வெள்ளையின மக்களின் உயிருக்கும் உலகம் சமமான கவனம் கொடுக்கிறதா என்று பகிரங்கமாகக் கேட்டார். எத்தியோப்பியாவின் திக்ரே, யமன், ஆப்கானிஸ்தான், சிரியா ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டினார். இந்தக் கேள்வியை உலகத்திடம் கேட்பதோடு நிறுத்திவிடாமல் நம்மிடமும் கேட்டுக்கொள்வோம். அபூதர் (ரலி) அவர்கள் ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லிக் குத்திக்காட்டிய சம்பவம் புகாரியில் வருகிறது. அப்போது நபி (ஸல்) அவர்கள், அபூதரிடம் அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் இருப்பதாகக் கண்டித்தார்கள். பிலால் (ரலி) அவர்களின் பெயரைக் கண்ணீர் மல்கச் சொல்கிற நாம், அவர்களைப் போன்ற தோற்றமுடைய ஒரு தாயின் அழுகையைத் திரையில் பார்த்ததும் விரலால் தள்ளிவிட்டுப் போனால் அந்தக் குணத்துக்கு என்ன பெயர்?

ஐந்தாவது, இறந்தவர்களின் அந்தஸ்து. 2023 ஜூன் 14 அன்று கிரேக்க நாட்டுக் கடலில் அகதிகளை ஏற்றிவந்த மீன்பிடிப் படகு ஒன்று மூழ்கியது. அதில் சுமார் 750 பேர் இருந்தார்கள். பாகிஸ்தான், சிரியா, எகிப்து, பாலஸ்தீனம் என்று பல நாட்டு ஏழைகள். உயிர் பிழைத்தவர்கள் 104 பேர். நான்கு நாள்கள் கழித்து, டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காணச் சென்ற ஒரு சிறிய நீர்மூழ்கி ஐந்து பேரோடு காணாமல் போனது. அந்த வாரம் முழுவதும் உலகம் எதைப் பற்றிப் பேசியது என்பது உங்களுக்கே நினைவிருக்கும். அந்த ஐந்து பேரின் உயிரும் மதிப்புள்ளதுதான். படகில் போனவர்களின் உயிரும் அதே மதிப்புள்ளதுதான்.

பார்த்து இரங்குவது தவறா?

தவறே இல்லை. முழர் குலத்தைச் சேர்ந்த ஏழைகள் வெறுங்காலோடு, கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு மதீனா வந்தார்கள். அவர்களுடைய வறுமையைக் கண்டதும் நபி (ஸல்) அவர்களின் திருமுகமே மாறிப்போனது. பிலாலை பாங்கு சொல்லச் சொன்னார்கள், தொழுகை நடத்தினார்கள், உரை நிகழ்த்தினார்கள். ஓர் அன்ஸாரித் தோழர் தூக்க முடியாத பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். உணவும் உடையும் இரண்டு குவியலாகச் சேர்ந்தன. நபியவர்களின் முகம் பொன்போல் மின்னியது என்று ஜரீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

பார்த்து இரங்குவது நபிவழி என்பது இதிலிருந்து விளங்குகிறது. ஆனால் முழர் குலத்தார் மதீனா வரை நடந்து வந்தார்கள். நடந்து வர முடியாதவருக்கு என்ன வழி? அதற்குத்தான் அல்லாஹ் மஹ்ரூமின் ஹக்கை வைத்தான். அதற்குத்தான் ஜகாத்தை நம் உணர்ச்சியிடம் விடாமல், நிஸாப், ஓர் ஆண்டு, நூற்றுக்கு இரண்டரை என்று கணக்காக ஆக்கினான். உணர்ச்சி ஏறும், இறங்கும். கணக்கு அப்படியே நிற்கும்.

தூரத்தில் இருப்பவருக்கு ஜகாத் கொடுக்கலாமா?

பக்கத்து வீட்டுக்காரரும் சொந்தக்காரரும் இருக்கும்போது தூரத்து ஊருக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. செல்வந்தர்களிடம் பெற்று அவர்களிலுள்ள ஏழைகளுக்கே திருப்பிக் கொடுக்கும்படி முஆத் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இதை வைத்து ஃபுகஹாக்கள் சட்டம் சொன்னார்கள்.

ஹனஃபி மத்ஹபில் ஜகாத்தை வேறு ஊருக்கு அனுப்புவது பொதுவாக மக்ரூஹ். ஆனால் அங்கே உறவினர் இருந்தாலோ, இங்குள்ளவர்களைவிடத் தேவை அதிகமானவர்கள் இருந்தாலோ அது மக்ரூஹ் அல்ல. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, தகுதியானவர்கள் உள்ளூரில் இருக்கும்போது ஜகாத்தை வெளியூருக்கு எடுத்துச் செல்லக் கூடாது. எனவே ஷாஃபிஈ சகோதரர்கள் ஜகாத்தை இங்கே கொடுத்துவிட்டு, தூரத்து மக்களுக்கு உபரியான ஸதகாவிலிருந்து கொடுக்கலாம். ஸதகாவுக்கு ஊர் எல்லை கிடையாது.

ஆனால் பக்கத்து வீடு என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காமல் சூடானுக்கும் கொடுக்காமல் இருப்பதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

கொடுக்கும்போது சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை

2004 டிசம்பர் 26 சுனாமியை நாம் யாரும் மறக்கவில்லை. நாகப்பட்டினமும் கடலூரும் கண்ட துயரத்துக்கு உலகமெங்கிருந்தும் உதவி வந்தது. அப்போது எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற சர்வதேச அமைப்பு, பத்து நாள்களுக்குள்ளாகவே ஓர் அறிவிப்புச் செய்தது. சுனாமிப் பகுதியில் தாங்கள் செய்யக்கூடிய வேலைக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம் என்றது. மிஞ்சிய பணத்தை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிட, கொடுத்தவர்களிடம் அனுமதி கேட்டது. பெரும்பாலோர் சம்மதித்தார்கள். டார்ஃபூர், நைஜர் போன்ற இடங்களுக்கு அந்தப் பணம் போனது.

அவர்கள் ஏன் அனுமதி கேட்டார்கள்? நம் ஃபிக்ஹும் அதையேதான் சொல்கிறது. வசூல் செய்பவர் கொடுத்தவரின் வகீல், அவருடைய பிரதிநிதி. ஒரு காரியத்தைக் குறிப்பிட்டுக் கொடுத்த பணத்தை, கொடுத்தவரின் சம்மதமின்றி வேறு காரியத்துக்கு மாற்ற வகீலுக்கு உரிமை இல்லை. ஒரு நிதியில் பணம் தேங்கி நிற்கும்போதும் பக்கத்து நிதி காலியாகக் கிடக்கும். பொறுப்பாளரின் கை கட்டப்பட்டிருக்கும்.

எனவே நீங்கள் நம்பிக்கையானவர்களிடம் கொடுக்கும்போது, இந்த ஊரில் தேவை நிறைந்துவிட்டால், எங்கே தேவை அதிகமோ அங்கே செலவு செய்யுங்கள் என்று வாயால் சொல்லுங்கள், அல்லது எழுதிக் கொடுங்கள். இந்த ஒரு வார்த்தையால், நீங்கள் பெயரே கேள்விப்படாத ஓர் ஊரின் மஹ்ரூமுக்கும் உங்கள் செல்வத்தில் வழி திறக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். 100 ரூபாயாக இருந்தாலும் சரி. குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்பது ஹதீஸின் கருத்து. செய்தி வரும் மாதத்தில் மட்டும் கொடுத்தால், செய்தி வராத மாதத்தில் அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்?

இரண்டு, எந்த ஊருக்குக் கொடுத்தாலும் விசாரித்துக் கொடுங்கள். நம் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு, கணக்கு காட்டும் அமைப்புகள் மூலம் மட்டுமே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏதோ ஒரு எண்ணுக்கு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள்.

மூன்று, துஆவில் பெயர் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஊர்களை வரைபடத்தில் காட்டுங்கள். சூடானில் இளைஞர்கள் போருக்கு நடுவே தெருத் தெருவாகப் பொதுச் சமையல் நடத்துகிறார்கள். அதற்குத் தகாயா என்று பெயர். நம் ஊர்களில் தைக்கா என்கிறோமே, அந்தச் சொல்லின் உறவுதான் இது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது அந்தச் சமையற்கூடங்களில் ஏராளமானவை மூடப்பட்டன. இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நான்கு, நம் மஹல்லாவிலும் மஹ்ரூம் உண்டு. ரமலானில் வரிசையில் வந்து நிற்பவர்களை நமக்குத் தெரியும். மார்க்கெட்டில் கடை நொடித்து, வெளியே வெள்ளைச் சட்டை போட்டு நடக்கும் மனிதரைத் தெரியுமா? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காகக் காதுத் தோட்டை அடகு வைத்த விதவையைத் தெரியுமா? நிர்வாகத்தார் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவர்களை நாம் தேட வேண்டும்.

முதலில் பை கொண்டுவந்த அந்த அன்ஸாரியை நினைத்துப் பாருங்கள். நல்ல வழியைத் தொடங்கிவைப்பவருக்கு, அவரைப் பார்த்துச் செய்பவர்களின் நன்மை போன்றதும் உண்டு என்று அந்தச் சந்தர்ப்பத்தில்தான் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். எல்லோரும் கொடுக்கும் இடத்தில் நூறாவது ஆளாக நிற்பதிலும் நன்மை உண்டு. யாரும் கொடுக்காத இடத்தில் முதல் ஆளாக நிற்கும் வாய்ப்பு இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது.

உமருக்கு எப்படித் தெரியும்?

நிறைவாக ஒரு சம்பவம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு பணியாளர் அஸ்லமுடன் மதீனாவுக்கு வெளியே செல்கிறார்கள். ஓரிடத்தில் அடுப்பு எரிகிறது. பிள்ளைகள் பசியால் அழுகிறார்கள். தாய் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சோறு வேகிறது என்று நம்பவைத்துத் தூங்கவைக்கப் பார்க்கிறாள். வந்திருப்பவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. எங்களுக்கும் உமருக்கும் இடையே அல்லாஹ் தீர்ப்பளிப்பான் என்கிறாள். உங்கள் நிலை உமருக்கு எப்படித் தெரியும் என்று உமரே கேட்கிறார்கள். எங்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டு, எங்களைக் கவனிக்காமல் இருப்பாரோ என்று அவள் திருப்பிக் கேட்கிறாள்.

உமர் (ரலி) அவர்கள் பதில் பேசவில்லை. ஓடிப்போய் மாவு மூட்டையைத் தன் முதுகில் ஏற்றச் சொன்னார்கள். அஸ்லம் தான் சுமப்பதாகச் சொன்னபோது, கியாமத் நாளில் என் சுமையை நீ சுமப்பாயா என்று கேட்டார்கள். தாமே சுமந்து வந்து, அடுப்பை ஊதி, சமைத்து, பிள்ளைகள் வயிறு நிறைந்து சிரிக்கும்வரை அங்கேயே இருந்தார்கள்.

தெரியாது என்பது உமருக்கே பதிலாக இருக்கவில்லை. இருட்டில் நடந்து தேடினால்தான் தெரியும் என்ற காலம் அது. இன்று உலகம் முழுவதையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற நாம், நாளை மறுமையில் அல்ஃபாஷிரின் ஒரு தாய் நம்மைக் காட்டி முறையிட்டால் எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா?

யா அல்லாஹ்! கேட்டு வருபவரையும் கேட்காமல் இருப்பவரையும் அறிந்து கொடுக்கும் மனதை எங்களுக்குத் தருவாயாக! காஸா, சூடான், யமன், ரோஹிங்கியா மக்கள் என்று உலகெங்கும் பசித்திருப்போரின் பசியைப் போக்குவாயாக! எங்கள் நாவு பெயர் அறியாத, உன் அறிவில் மட்டும் உள்ள ஏழைகளுக்கு நீயே பொறுப்பேற்பாயாக! சண்டையிடும் கூட்டத்தாரிடையே சமாதானத்தை உண்டாக்குவாயாக! எங்கள் செல்வத்தில் நீ வைத்த ஹக்கை, அது எவருடையதோ அவருக்கே ஒப்படைத்தவர்களாக எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்வாயாக! ஆமீன்.